வெயிலுக்குப் பதில் சொல்லும் வேலை

பசுமைக் கட்டடத் துறை இளைஞர்களை அழைக்கிறது. யார் போகலாம், போனால் என்ன செய்ய வேண்டும்? ஒரு சிறப்புப் பார்வை.

மே மாதத்தின் முற்பகல். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி ஒன்றின் வாசல். கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு வேகமாக வெளியேறுகிறது ரெடிமிக்ஸ் லாரி. மஞ்சள் தலைக்கவசம் அணிந்த இளம்பெண் ஒருவர் கையைக் காட்டி அதை நிறுத்துகிறார். வாசலுக்கு உட்புறம் ஆழமில்லாத ஒரு தொட்டி. சக்கரத்துச் சேற்றை அதில் கழுவிய பிறகுதான் சாலையில் ஏற வேண்டும். டிரைவருக்கு அவசரம், அடுத்த லோடு காத்திருக்கிறது. ஹாரன் அடித்துப் பார்க்கிறார். அந்தப் பெண் நகரவில்லை. லாரி முனகிக்கொண்டே பின்வாங்கித் தொட்டியில் இறங்குகிறது.

அவர் அங்கிருந்து குப்பைக் கிடங்குக்குப் போகிறார். கம்பித் துண்டு ஒரு பக்கம், உடைந்த ஹாலோ பிளாக் ஒரு பக்கம், சென்ட்ரிங் பலகை ஒரு பக்கம், காலி சிமென்ட் சாக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எங்கே போனது என்று கணக்கு. பிறகு பெயின்ட் டப்பாக்கள். மூக்கை எரிக்கும் ரசாயன ஆவி எவ்வளவு வெளியேறும் என்று டப்பாவின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, படமெடுத்துக்கொள்கிறார். கொத்தனார்களும் சித்தாள்களும் அவரைக் கூப்பிடும் பெயர் ‘கிரீன் மேடம்’. படித்தது சிவில் இன்ஜினீயரிங். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் கணினி வேலை: மேற்குப் பக்கத்து ஜன்னல்களுக்கு எந்தக் கண்ணாடி என்பதில் கட்டடக் கலைஞரோடு இன்னும் முடியாத ஒரு வாக்குவாதம் இருக்கிறது.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பதவி நம் ஊர்த் தளங்களில் அபூர்வம். இன்று பெரிய கட்டுமான நிறுவனங்கள் இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் எல்லோரும் கணினி அறிவியலுக்கு முண்டியடிக்க, சிவில் எடுத்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இந்தத் துறை ஒரு பதில் வைத்திருக்கிறது. பதிலில் நல்லதும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

வறண்ட நான்கு ஏரிகள்

2019 ஜூன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. காரணம், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், இதே ஊரின் பல பகுதிகள் முதல் மாடி வரை மூழ்கியிருந்தன. 2023-ல் மிக்ஜாம் புயல் மறுபடியும் மூழ்கடித்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வெள்ளம், வறட்சி, வெயில் மூன்றிலும் கட்டடங்களுக்குப் பங்கு இருக்கிறது. நீரை உறிஞ்சாத சிமென்ட் தரை, போர்வெல்லை நம்பிய அடுக்ககம், நாள் முழுக்கச் சூட்டை வாங்கி ராத்திரியில் அறைக்குள் இறக்கும் மொட்டை மாடி. உலகளவில் பார்த்தால், எரிசக்தி சார்ந்த கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களாலும் கட்டுமானத்தாலும் வருவது. சிமென்ட் ஒன்றின் பங்கே ஏழெட்டு சதவீதம்.

இந்தியாவில் இதற்கான ஏற்பாடு 2001-ல் தொடங்கியது. இந்தியத் தொழில் கூட்டமைப்பான சி.ஐ.ஐ., ஐதராபாத்தில் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலை நிறுவியது. அங்கே எழுந்த சொராப்ஜி கோத்ரேஜ் மையத்தை 2004 ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றான லீட்டில் பிளாட்டினம் தரத்தை, அமெரிக்காவுக்கு வெளியே பெற்ற முதல் கட்டடம் அதுதான். சென்னையில் கிண்டி ஒலிம்பியா டெக் பார்க், பிறகு ஐ.டி.சி. கிராண்ட் சோழா என்று வரிசை நீண்டது. 2024-ல் அமெரிக்காவுக்கு வெளியே லீட் சான்று பெற்ற பரப்பளவில் இந்தியா மூன்றாமிடம்.

சட்டமும் பின்னால் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கு எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்டது. வீடுகளுக்கான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-ல் வந்தது. 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம், பெரிய குடியிருப்புகளையும் இந்த வளையத்துக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: சான்று தருபவர்கள் யார்?

லீட்: அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சிலின் முறை. 40 புள்ளிக்குச் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கின்றன.

ஐ.ஜி.பி.சி.: நம் நாட்டுக் கவுன்சிலின் முறை. வீடு, பள்ளி, தொழிற்சாலை, மெட்ரோ நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தரவரிசை உண்டு.

கிரிஹா: டெரி நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து உருவாக்கியது, ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்பையும் கழிப்பறை வசதியையும் மதிப்பீட்டில் சேர்த்திருப்பது இதன் பெருமை.

எட்ஜ்: உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் முறை. எரிசக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருளில் பொதிந்த கரிமம் ஆகிய மூன்றிலும் தலா 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்.

கணினிக்குள் ஒரு கோடைக்காலம்

வேலை கட்டடம் எழுவதற்கு முன்பே, எனர்ஜி மாடலரின் மேசையில் தொடங்குகிறது. கட்டப்போகும் கட்டடத்தை அவர் கணினிக்குள் முதலில் கட்டுகிறார். சுவரின் தடிமன், கண்ணாடியின் தன்மை, கூரை, விளக்கு, ஏ.சி., எத்தனை பேர் எத்தனை மணிக்கு உள்ளே இருப்பார்கள் என்று எல்லாவற்றையும் கொடுத்து, அந்த ஊரின் ஓராண்டு வானிலையை அதன்மேல் ஓடவிடுகிறார். ஆண்டின் 8,760 மணி நேரத்திலும் உள்ளே எவ்வளவு சூடு நுழைகிறது, அதை வெளியேற்ற எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று விடை வரும். மேற்குக் கண்ணாடியைக் குறைத்தால் என்ன ஆகும், சன்ஷேடை அரையடி நீட்டினால் என்ன ஆகும், மாடியில் வெள்ளைத் தட்டோடு பதித்தால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். காகிதத்தில் ஒரு கோட்டை நகர்த்துவதற்குச் செலவு கிடையாது. தளம் போட்ட பிறகு நகர்த்த முடியாது. ஆகவே இந்தத் துறையில் மிக மதிப்புள்ள காலம் அந்த முதல் சில வாரங்கள்தான்.

வீட்டு விதித்தொகுப்பு சொல்வதைப் பாருங்கள். சுவர்களும் ஜன்னல்களும் உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. சென்னை, தூத்துக்குடி போன்ற வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுகளின் பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். காற்று வந்து போக வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குத்தான் இப்போது அளவுகோல் வந்திருக்கிறது. அந்த அளவைக் கணக்கிட்டு, வரைபடத்தில் திருத்தம் சொல்லி, கட்டுநரை ஒப்புக்கொள்ள வைக்கும் ஆள் தேவை.

அடுத்தது தளம். லாரிச் சக்கரத்தில் தொடங்கிச் செங்கல் வந்த தூரம் வரை சான்று திரட்ட வேண்டும். சிறப்பாகச் செய்பவரின் மதிப்பு மேஸ்திரியோடு பழகும் விதத்தில் தெரியும். மாடித் தளத்தில் வெப்பத் தடுப்பு அட்டையை ஏன் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவர்தான் வெற்றி பெறுகிறார்.

பிறகு கமிஷனிங். கட்டடம் முடிந்ததும் சில்லர், பம்ப், வால்வு, சென்சார் எல்லாம் வரைபடத்தில் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது. எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு இந்தத் துறையின் உறுதியான வாசல் இதுவே. மூடியிருக்க வேண்டிய ஒரு வால்வு திறந்தே கிடந்தால் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் வீணாகும், யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற கண் உள்ளவர்கள் குறைவு.

அளந்து பார்ப்பதன் மதிப்புக்கு ஒரு நல்ல உதாரணம் இன்ஃபோசிஸ். 2011-ல் ஐதராபாத் வளாகத்தில் ஒரு கட்டடத்தை நடுவில் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி., மறு பாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறை என்று அமைத்தார்கள். இரண்டு பாதியின் மின்சாரத்தையும் தனித்தனி மீட்டரில் அளந்தார்கள். குளிர்நீர்க் குழாய்ப் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவழித்தது. யாரும் மறுக்க முடியாத கணக்கு. வெளி ஆலோசகரை மட்டும் நம்பாமல் நிறுவனத்துக்குள்ளேயே பொறியாளர் குழு வைத்திருந்ததால் சாத்தியமான காரியம் அது.

பலகை மாட்டிய மறுநாள்

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நம் ஊரில் பசுமைக் கட்டடம் பலகையோடு முடிந்துவிடுகிறது. வரவேற்பறையில் பிளாட்டினம் பலகை மாட்டுகிறார்கள், விழா நடக்கிறது, ஆலோசகர் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுகிறார். கட்டடமோ இன்னும் ஐம்பது கோடைகளைப் பார்க்க வேண்டும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கிடுகிறது. அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. அந்த 45 லிட்டரைச் சுத்திகரித்த நீரால் ஈடு செய்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம். திட்டம் அருமை. நடப்பது என்ன? கரன்ட் பில்லைக் குறைக்க, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று தரும் ஏர் புளோயரை ராத்திரியில் நிறுத்துகிறார்கள். நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. நீர் நாறுகிறது. குடியிருப்போர் சண்டை போடுகிறார்கள். சங்கம் கூடி அந்த இணைப்பை அடைத்துவிட்டு டேங்கர் லாரிக்கு போன் போடுகிறது. சான்றிதழில் மட்டும் அந்த மிச்சம் பத்திரமாக இருக்கிறது.

இதைவிடக் கொடுமை, தொட்டியைச் சுத்தம் செய்யப் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இருந்தும் விஷவாயு தாக்கிய மரணச் செய்திகள் நிற்கவில்லை. ஆள் இறங்கத் தேவையே இல்லாதபடி தொட்டியை அமைப்பது, கசடை எந்திரம் இழுக்கும்படி வழி விடுவது, காற்றோட்டம் வைப்பது எல்லாம் வடிவமைப்பவரின் வேலை. ஒரு கட்டடம் எத்தனை புள்ளி வாங்கியிருந்தாலும் அதன் கழிவுத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி மூச்சடைத்துச் செத்தால் அதைப் பசுமை என்று அழைக்க எனக்கு மனம் வராது.

மழைநீர்ச் சேகரிப்பும் இப்படித்தான். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. நாட்டுக்கே முன்னுதாரணம். ஆனால் அன்று வெட்டிய குழிகளில் எத்தனை இன்று மண்மூடிக் கிடக்கின்றன! ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சல்லடையைக் கழுவி, ஜல்லியை எடுத்துப் போட்டு, நீர் இறங்குகிறதா என்று பார்ப்பவர் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். டிப்ளமோ படித்த இரண்டு பேர் சேர்ந்தால், சுற்றியுள்ள அடுக்ககங்களுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தச் சேவையைச் செய்து பிழைக்கலாம். கவுரவமான தொழில், ஊருக்கும் தண்ணீர்.

சான்றிதழுக்கும் நடப்புக்கும் ஏன் இத்தனை இடைவெளி? ஒரு காரணம் வெளிப்படை. கட்டடத்துக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் தருபவர் அந்தக் கட்டடத்தின் உரிமையாளர். ஆவணத்தைச் சரிபார்ப்பது வேறு அமைப்பு என்றாலும் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தை. காலக்கெடு நெருங்கும்போது நடக்காத ஒன்றை நடந்ததாகக் கையெழுத்திடச் சொல்லும் அழுத்தம் இளைஞர்கள் மேல் விழுகிறது. இந்தத் துறைக்கு வருபவர் முதலில் கற்க வேண்டியது எந்த மென்பொருளையும் அல்ல, அந்த இடத்தில் முடியாது என்று சொல்லும் துணிவை.

இன்னொரு காரணம் விளம்பரம். வரைபட நிலையிலேயே முன்சான்று வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு வீடுகளை விற்றுவிட்டு இறுதிச் சான்றைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட முடிகிறது. வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்பு அடைந்தவருக்கு இழப்பீடு உண்டு. விலக விரும்பினால் வட்டியோடு முழுப் பணமும் திரும்ப வேண்டும். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆதாரமில்லாமல் ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது. இந்த இரண்டும் சேர்ந்து புதிய வேலைகளை உண்டாக்குகின்றன. சொன்னதை நிரூபிக்கும் ஆளும், சொன்னது உண்மையா என்று பரிசோதிக்கும் ஆளும் இனி தேவைப்படுவார்கள்.

■ பெட்டிச் செய்தி: என்ன படிக்கலாம்?

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு, நாட்டா அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுத வேண்டும். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பொறியாளர்களுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

மேற்படிப்பில் திருச்சி என்.ஐ.டி.யில் நீடித்த கட்டடக்கலைக்கான எம்.ஆர்க்., அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டட எரிசக்திப் படிப்பு, ஐதராபாத் ட்ரிபிள் ஐ.டி.யில் கட்டட அறிவியல் ஆய்வு ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

லீட் கிரீன் அசோசியேட் தேர்வு: 100 கேள்விகள், 2 மணி நேரம், 200-க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. அதைத் தாண்டியவர்கள் லீட் ஏ.பி. எழுதலாம். ஐ.ஜி.பி.சி.யும் கிரிஹாவும் தங்கள் முறைகளுக்குத் தனித் தேர்வு நடத்துகின்றன.

மத்திய எரிசக்திச் சிக்கனப் பணியகத்தின் தேசியத் தேர்வு: எனர்ஜி மேனேஜருக்கு 3 தாள், எனர்ஜி ஆடிட்டருக்கு 4 தாள். சட்டப்படி அங்கீகாரம் உள்ள தகுதி என்பதால் நீண்ட காலம் கை கொடுப்பது இதுவே.

ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கு: ஏ.சி. மெக்கானிக், சோலார் பொருத்துநர், சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், பிளம்பிங் மேற்பார்வையாளர்.

நிலம் வாங்கும் மேசை

பசுமை என்பதைக் கட்டுமானத் துறையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ரியல் எஸ்டேட்டில் மிகப் பெரிய சூழல் முடிவு நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் தளமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது. அதற்குள் அதைச் சுற்றி எத்தனை கோபுரங்கள் எழுந்துவிட்டன! ஏரிக்கு நீர் வரும் வழியில் எழுந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் எத்தனை சோலார் தகடு வைத்தாலும் வெள்ளம் வழி கேட்டு வரத்தான் செய்யும்.

20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்கிறது 2006-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை. அதற்கான அறிக்கை பெரும்பாலும் நிலம் கைமாறிய பிறகுதான் தயாராகிறது. நீரோட்ட வரைபடம் படிக்கத் தெரிந்தவர், பழைய வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஓடையும் வாய்க்காலும் எங்கே என்று தேடத் தெரிந்தவர், வாங்குவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு அந்த மேசையில் உட்கார வேண்டும். புவியியல், நகரமைப்பு, சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களுக்கான இடம் அது. இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வழக்கறிஞரும் நிதி அலுவலரும் மட்டுமே.

நிதிப் பக்கத்திலிருந்தும் ஒரு நெருக்கடி வருகிறது, நல்ல நெருக்கடி. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவு, கரிம வெளியேற்றக் கணக்கை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. அந்த நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடங்களின் உரிமையாளரிடம் கணக்குக் கேட்கின்றன. 2019-ல் முதல் ரீட், அதாவது கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை, இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு, அலுவலகக் கட்டடங்களில் பணம் போடும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் இதையே கேட்கிறார்கள். எக்செல் தாளில் யூனிட் கணக்கையும் டீசல் கணக்கையும் கரிமக் கணக்காக மாற்றத் தெரிந்த வணிகவியல் பட்டதாரிக்குக்கூட இங்கே இடமிருக்கிறது.

அரியலூர்ச் சிமென்டும் ஆரோவில் மண்ணும்

கண்ணாடிக் கோபுரங்களை விட்டு வெளியே வந்தால் இந்தத் துறையின் இன்னொரு முகம் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த முகம்.

இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், செங்கல்லைக் குத்துக்காலாக நிறுத்தி நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம்; நடுவில் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை என்பதால் அங்கே பழைய ஓடுகளை வைத்து நிரப்பினார். ஆரோவில் மண் கட்டட நிறுவனம் 1989 முதல், 5 சதவீத அளவு சிமென்ட் கலந்து அழுத்திய, சுடாத மண் கல்லால் கட்டக் கற்றுத் தருகிறது. சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து கற்றுப் போகிறார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் அங்கே பழகிய கொத்தனார்கள் இருக்கிறார்கள்.

இந்த வகைக் கட்டடத்தில் பொருளுக்குப் போகும் பணம் குறைந்து கைவேலைக்குப் போகும் பணம் கூடுகிறது. அதாவது, வீட்டுச் செலவில் பெரும்பங்கு பக்கத்து ஊர்க் குடும்பங்களுக்கே போகிறது. இதைப் புள்ளிக் கணக்கில் சேர்க்க எந்தச் சான்றிதழுக்கும் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

செட்டிநாட்டு முற்றத்தையும் சுண்ணாம்புப் பூச்சையும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. 600 சதுர அடி வீட்டில் முற்றம் வைக்க முடியாது. ஆனால் காற்று மேலெழும்பிப் போக ஒரு வழி, வெயில் படாத ஒரு சுவர், நிழல் தரும் ஒரு தாழ்வாரம் என்ற சிந்தனையைப் பதினைந்து மாடிக் கட்டடத்திலும் நுழைக்கலாம். அப்படி நுழைக்கிற மூளைதான் தேவை.

சிமென்டையே மாற்றும் ஆராய்ச்சி சென்னையிலும் நடந்திருக்கிறது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்து, சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரின் அளவைப் பாதியாகக் குறைக்கும் எல்.சி.3 சிமென்டில் சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கெடுத்தன. கரிம வெளியேற்றம் 40 சதவீதம் வரை குறையும். 2023-ல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. அரியலூர் மாவட்டம் சிமென்ட் ஆலைகளின் மாவட்டம். நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள் மலைமலையாக உலர் சாம்பல் தருகின்றன. தரம் பரிசோதிக்கும் வேதியியல் பட்டதாரிகளுக்கும், சாம்பல் கல் தயாரிக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் இங்கேயே களம் இருக்கிறது.

சம்பளமும் சலிப்பும்

நேராகவே சொல்லிவிடலாம். தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேர் வேலைக்கு ஈடாகாது. சிறிய ஆலோசனை நிறுவனத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் படிவம் நிரப்புவதிலேயே கழியும். அந்தக் கட்டத்தில் சலித்து வெளியேறுபவர்கள் அதிகம். சிமுலேஷன், கமிஷனிங், எனர்ஜி ஆடிட் மூன்றில் ஏதேனும் ஒன்றில் ஆழமாகப் போனவர்களை ஐந்தாறு ஆண்டுகளில் பெரிய கட்டுநர்களும் ஐ.டி. நிறுவனங்களும் தேடி வருகின்றன. தேர்வுச் சான்றிதழை மட்டும் சேர்த்துக்கொண்டே போனவர்கள் அதே இடத்தில் நிற்கிறார்கள். பயிற்சி நிலையங்கள் வேலை உறுதி என்று சொல்லிக் கேட்கும் பெருந்தொகையைக் கட்டுவதற்கு முன் ஒரு கோடை விடுமுறையைக் கட்டுமானத் தளத்தில் கழித்துவிடுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெண்கள் இந்தத் துறையில் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் தளத்தில் அவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் பதில் தலைகுனிய வைக்கிறது. வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்த மாநிலத்தில், உச்சி வெயிலில் கம்பி கட்டுபவருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் தருவதைப் பசுமைத் தளத்தின் முதல் நிபந்தனையாக வைப்பதற்கு யாரும் தனி விதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூரும் வளைகுடாவும் பழகிய திசைகள். சிங்கப்பூர் 2005-ல் ‘கிரீன் மார்க்’ முறையைத் தொடங்கி, 2030-க்குள் 80 சதவீதக் கட்டடங்களைப் பசுமையாக்க இலக்கு வைத்திருக்கிறது. அபுதாபி 2010 முதல் புதிய கட்டடங்களுக்கு ‘எஸ்டிடாமா’ தரத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே கமிஷனிங் பழகிய தமிழ்நாட்டுப் பொறியாளருக்கு அங்கே வேலை புரிய நேரம் ஆகாது.

வாசலில் ஒரு எழுத்து

நியூயார்க்கில் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் எரிசக்தி, நீர்ச் செலவை மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். 2020 முதல் ஏ, பி, சி, டி என்று எரிசக்திச் சிக்கனத்துக்குக் கிடைத்த தரத்தை வாசலிலேயே ஒட்ட வேண்டும். குடிவருபவர் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். தரம் குறைந்த கட்டடத்துக்கு வாடகையிலேயே அடி விழலாம். தரத்தை ஏற்ற ஆடிட்டர் வேண்டும், பொறியாளர் வேண்டும், மெக்கானிக் வேண்டும். ஒரே ஒரு விதி, எத்தனை பேருக்கு வேலை!

தமிழக அரசு இதைச் செய்யலாம். மின்வாரியத்திடம் யூனிட் கணக்கு இருக்கிறது. குடிநீர் வாரியத்திடம் லிட்டர் கணக்கு இருக்கிறது. கட்டடப் பரப்பு சொத்து வரிப் பதிவேட்டில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பெரிய கட்டடங்களின் தரத்தை ஆண்டுதோறும் வெளியிட்டால், பலகைக்காகக் கட்டியவர் யார், உண்மையாகக் கட்டியவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மழைநீர்ச் சேகரிப்பில் முதலடி வைத்த மாநிலத்துக்கு இது கடினமான காரியம் அல்ல.

அதுவரை, வீடு வாங்கப்போகும் ஒவ்வொருவரும் விற்பனைப் பிரதிநிதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இறுதிச் சான்று எப்போது வரும்? நீங்கள் ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்தின் கடந்த ஆண்டு மின் கட்டணமும் தண்ணீர்க் கணக்கும் எங்கே? கழிவுத் தொட்டியை யார், எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? பதில் எழுத்தில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.